270 கிலோ மெஷின் டூ 25 கிராம் போர்டு: இதயத் துடிப்பைக் கோடாக்கிய வில்லெம் ஐந்தோவன்... யார் இவர்?

கல்லூரி எலக்ட்ரானிக்ஸ் லேப்களில் இப்போது சகஜமாகப் பார்க்கிற காட்சி இது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஆர்டுயினோ போர்டு. அதோடு தபால்தலை அளவில் ஒரு சென்சார். அதிலிருந்து 3 வயர்கள் கிளம்பி ஒரு மாணவரின் உடம்பில் ஒட்டியிருக்கும் பேட்ச்களுக்குப் போகும். லேப்டாப் திரையில் ஒரு கோடு ஓட ஆரம்பிக்கும். முதலில் ஒரு சின்ன மேடு, அடுத்து ஊசி மாதிரி ஒரு உச்சி, அதன் பின்னால் இன்னொரு மேடு. சுற்றி நிற்பவர்கள் உடனே செல்போனை எடுத்து வீடியோ பிடிப்பார்கள்.

அந்த போர்டின் எடை சுமார் 25 கிராம். இதே கோட்டைச் சரியாக வரைந்து காட்டிய முதல் மெஷினின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 270 கிலோ. அதை இயக்க 5 பேர் தேவைப்பட்டார்கள். 2 அறைகளை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே இருந்த காந்தம் சூடேறிவிடும் என்பதால் அதைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதை உருவாக்கியவர் வில்லெம் ஐந்தோவன். நெதர்லாந்துக்காரர், ஆனால் பிறந்தது ஆசியாவில். ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஈசிஜி பேப்பரில் டாக்டர் பேனாவால் வட்டம் போட்டு பி, கியூ, ஆர், எஸ், டி என்று எதையோ சொல்வாரே, அந்த எழுத்துகளை வைத்தவர் இவர்தான்.

ஜாவாவில் பிறந்த டாக்டர் மகன்

1860 மே 21. இன்றைய இந்தோனேசியாவின் ஜாவா தீவில் உள்ள செமராங் நகரம். அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அப்பா ஜேக்கப் ஐந்தோவன் அங்கே டாக்டர். வீட்டில் 6 பிள்ளைகள், வில்லெம் மூன்றாவது. ஆண்களில் மூத்தவர்.

வில்லெம் சிறுவனாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். 6 பிள்ளைகளை வைத்துக்கொண்டு அம்மா லூயிஸ் சில ஆண்டுகள் ஜாவாவிலேயே சமாளித்தார். பிறகு 1870ல் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகருக்குக் குடிபெயர்ந்தார். வில்லெமுக்கு அப்போது 10 வயது. அதுவரை பார்த்திராத தாய்நாடு, அதுவரை பழகாத குளிர்.

டாக்டருக்குப் படிக்க ஆசை. பணம்? அதற்கு ஒரு வழி இருந்தது. ராணுவ மருத்துவ மாணவராகச் சேர்ந்தால் படிப்புச் செலவுக்கு உதவி கிடைக்கும். பதிலுக்கு, படித்து முடித்ததும் ராணுவ டாக்டராக வேலை பார்க்க வேண்டும். அப்பா போன அதே பாதையில் கிழக்கிந்தியத் தீவுகளுக்கே திரும்பிப் போவதுதான் அப்போதைய திட்டம்.

அது நடக்கவில்லை. அதற்குக் காரணங்களில் ஒன்று, அவரது கை.

வில்லெம் ஜிம்னாஸ்டிக்ஸ், கத்திச்சண்டை, படகுப்போட்டி என்று விளையாட்டில் வெறியாக இருந்தவர். ஒருமுறை ஜிம்னாஸ்டிக்ஸ் செய்யும்போது விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வேறு யாராவது என்றால் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். இவர் அந்த ஓய்வு நாட்களில் கை எப்படித் திரும்புகிறது, முழங்கை மூட்டு எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார். அதுவே ஒரு ஆய்வுக் கட்டுரை ஆனது. உடம்பை ஒரு மெஷின் மாதிரி பார்க்கிற கண் அவருக்கு அப்போதே வந்துவிட்டது.

1885ல் டாக்டர் பட்டம் வாங்கினார். கண் எப்படி ஆழத்தை உணர்கிறது, அதில் நிறங்களின் பங்கு என்ன என்பது ஆய்வின் தலைப்பு. அதே ஆண்டில் லைடன் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர் பதவிக்கு அவரைத் தேர்வு செய்தார்கள். வயது 25. ராணுவ டாக்டராகப் போக வேண்டியவர், சாகும்வரை அந்த ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

லண்டனில் ஒரு நாய்

இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அதில் சின்ன அளவில் மின்சாரம் உண்டாகிறது என்பது ஐந்தோவனுக்கு முன்பே தெரிந்த விஷயம். தவளை இதயத்தை வெளியே எடுத்து வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். கேள்வி வேறு. உயிரோடு இருக்கும் மனிதனின் நெஞ்சைத் திறக்காமல், தோலின் மேலிருந்தே அதை அளக்க முடியுமா?

முடியும் என்று 1887ல் காட்டியவர் லண்டனைச் சேர்ந்த அகஸ்டஸ் வாலர். அவர் வளர்த்த ஜிம்மி என்ற புல்டாக்கை வைத்தும் பொதுமக்கள் முன்னிலையில் இதைச் செய்து காட்டுவார். உப்புத்தண்ணீர் ஊற்றிய பாத்திரங்களில் ஜிம்மி கால்களை வைத்தபடி சமர்த்தாக நிற்கும். பாத்திரத்திலிருந்து போகும் வயர் கருவிக்குப் போகும். நாயைக் கொடுமைப்படுத்துகிறார்களா என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே 1909ல் கேள்வி எழுந்தது. உப்புத்தண்ணீரில் கால் நனைத்து நின்றதைத் தவிர ஜிம்மிக்கு எதுவும் ஆகவில்லை.

1889ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் உடலியல் அறிஞர்களின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. வாலர் அங்கே தன் சோதனையைச் செய்து காட்டினார். பார்வையாளர்களில் ஒருவர் ஐந்தோவன்.

இந்த சோதனை ஆஸ்பத்திரியில் பெரிதாகப் பயன்படும் என்று வாலரே அப்போது நினைக்கவில்லை. ஐந்தோவன் நினைத்தார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. வாலரின் கருவி வரைந்த கோடு, இதயத்தின் கோடு இல்லை.

பாதரசம் சொன்ன பொய்

இந்த இடம் கொஞ்சம் முக்கியம். இன்று சென்சாரை வைத்து கிராஃப் போடுகிற யாருக்கும் இதே தலைவலி உண்டு.

வாலர் பயன்படுத்தியது கேபிலரி எலக்ட்ரோமீட்டர். இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் கண்டுபிடித்தது. மிக மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பாதரசம், அதன்மேல் நீர்த்த கந்தக அமிலம். மின்னழுத்தம் மாறினால் பாதரசத்தின் மட்டம் சற்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் நிழலை, நகர்ந்துகொண்டிருக்கும் போட்டோ தகட்டில் விழவைத்தால் கோடு ரெடி.

பாதரசம் கனமானது. மந்தமானது. இதயத்தின் மின்சாரம் சட்டென்று எழும்பும்போது பாதரசம் உடனே எழும்பாது. அது மெதுவாகக் கிளம்புவதற்குள் அங்கே மின்சாரம் இறங்க ஆரம்பித்திருக்கும். விளைவு, கூர்மையான உச்சி மழுங்கிப் போகும். சின்னச் சின்ன மேடு பள்ளம் காணாமலே போய்விடும். கோடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது இதயத்தின் வரைபடம் இல்லை, பாதரசத்தின் வரைபடம்.

ஐந்தோவன் என்ன செய்தார்? இந்தக் குறிப்பிட்ட குழாயில் உள்ள பாதரசம் எவ்வளவு மந்தம் என்பதை முதலில் அளந்தார். அதாவது, தெரிந்த ஒரு மின்னழுத்தத்தைக் கொடுத்து, பாதரசம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று பார்த்தார். பிறகு கிடைத்த ஒவ்வொரு கோட்டையும் எடுத்து, புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு, பாதரசம் மந்தமாக இல்லாமல் இருந்திருந்தால் கோடு எப்படி வந்திருக்கும் என்று திருத்தி வரைந்தார். கால்குலேட்டர் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாமே கையால். படித்ததோ மருத்துவம். ஒரே ஒரு இதயத் துடிப்புக்கு எத்தனை பக்கம் கணக்கு என்று நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

அந்தத் திருத்தப்பட்ட கோட்டை 1895ல் வெளியிட்டார். பாதரசம் வரைந்த பழைய கோட்டின் மேடு பள்ளங்களுக்கு ஆங்கில எழுத்து வரிசையின் முதல் 4 எழுத்துகள் ஏற்கெனவே இருந்தன. புதிய கோட்டை அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதே? அதனால் எழுத்து வரிசையின் பின்பாதிக்குப் போய் பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தார். முன்னாலும் பின்னாலும் எழுத்துகள் மிச்சம் இருந்ததும் வசதியாகப் போயிற்று. டி அலைக்குப் பிறகு இன்னொரு சின்ன அலை தெரியவந்தபோது, அதற்கு யூ என்று பெயர் வைக்க முடிந்தது.

இதற்கிடையே இன்னொரு தொல்லை. லேப் இருந்த தெருவில் கல் பாவிய சாலை. குதிரை வண்டி போகும்போதெல்லாம் கட்டடம் அதிரும், பாதரசமும் சேர்ந்து ஆடும். இதைத் தடுக்க லேப் தரையைத் தோண்டிப் பெரிய கற்களைப் போட்டு நிரப்பிப் பார்த்தார் என்று அவரைப் பற்றி எழுதுபவர்கள் சொல்வார்கள். அப்படியும் ஆட்டம் முழுசாக நிற்கவில்லை.

எத்தனை நாள்தான் தப்பான கோட்டை வாங்கி, அதைத் திருத்திக்கொண்டே இருப்பது? திருத்தத் தேவையே இல்லாத கோட்டைத் தரும் கருவி வேண்டும் என்று முடிவு செய்தார்.

அம்பு எய்து செய்த இழை

1901ல் அந்தக் கருவி பற்றிய முதல் அறிவிப்பு வந்தது. விரிவான கட்டுரை 1903ல். பெயர், ஸ்ட்ரிங் கால்வனோமீட்டர். தமிழில் இழை மின்னோட்டமானி என்று சொல்லலாம்.

யோசனை எளிமையானது. பெரிய மின்காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய இழையை வீணைக் கம்பி மாதிரி கட்டித் தொங்கவிட வேண்டும். அந்த இழை வழியாக இதயத்தின் மின்சாரத்தை ஓடவிட வேண்டும். காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி பக்கவாட்டில் தள்ளப்படும். பத்தாம் வகுப்பு அறிவியல்தான்.

யோசனை எளிமை, செய்வதுதான் கஷ்டம். தோலுக்கு வந்து சேரும் இதயத்தின் மின்னழுத்தம் சுமார் 1 மில்லிவோல்ட். ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரியின் அழுத்தத்தில் 1,500ல் ஒரு பங்கு. இதை வைத்து ஒரு கம்பியை நகர்த்த வேண்டும் என்றால் கம்பிக்கு எடையே இருக்கக் கூடாது. எடை இருந்தால் மறுபடியும் பாதரசத்தின் கதைதான்.

ஐந்தோவன் குவார்ட்ஸைத் தேர்ந்தெடுத்தார். குவார்ட்ஸ் இழை செய்ய அப்போது இருந்த முறை சினிமா காட்சி மாதிரி இருக்கும். குவார்ட்ஸ் துண்டைத் தீயில் உருக்கி, அதன் ஒரு நுனியை அம்போடு இணைத்து, வில்லில் வைத்து எய்துவிடுவார்கள். அம்பு பறக்கும் வேகத்தில் உருகிய குவார்ட்ஸ் நூலாக நீண்டு உறைந்துவிடும். பிரிட்டிஷ் இயற்பியலாளர் சார்லஸ் பாய்ஸ் கொண்டுவந்த முறை இது. கிடைக்கும் இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிது. வெறும் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். குவார்ட்ஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அதன்மேல் வெள்ளிப் பூச்சு.

இழை நகர்வதும் நுண்ணிய அளவில்தான். அதனால் காந்தத்தில் துளை போட்டு, ஒளியைப் பாய்ச்சி, மைக்ரோஸ்கோப் மூலம் இழையின் நிழலைப் பல நூறு மடங்கு பெரிதாக்கி, நகரும் போட்டோ தகட்டில் விழவைத்தார்.

இதில் ஒரு சமரசமும் உண்டு. இழையைத் தளர்வாகக் கட்டினால் சின்ன மின்சாரத்துக்கும் நன்றாக நகரும், ஆனால் மெதுவாக நகரும். இறுக்கிக் கட்டினால் வேகமாக நகரும், ஆனால் கொஞ்சமாகத்தான் நகரும். எவ்வளவு இறுக்கம் என்பதைத் திருகைத் திருப்பித் திருப்பிக் கண்டுபிடிக்க வேண்டும்.

மனிதருக்கும் மெஷினுக்கும் தொடர்பு? வாலரின் ஜிம்மி நின்ற அதே வழி. நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புத்தண்ணீர் வாளிகளில் வைத்து உட்கார வேண்டும்.

கட்டம் போட்ட பேப்பர் ஏன்?

ஐந்தோவனின் பெரிய சாதனை எது என்று கேட்டால் எல்லோரும் இழையைச் சொல்வார்கள். ஆனால் கிராஃப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது அவர் வைத்த அளவுகோலை.

போட்டோ தகட்டில் வெறும் கோட்டை மட்டும் அவர் பதிவு செய்யவில்லை. ஒளி வரும் பாதையில் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட கண்ணாடியை வைத்தார். அது தகட்டில் படுக்கைக் கோடுகளாக விழுந்தது. ஒரே வேகத்தில் சுற்றும் ஆரக்கால் சக்கரம் ஒன்று ஒளியை விட்டுவிட்டு மறைத்தது. அது செங்குத்துக் கோடுகளாக விழுந்தது. ஆக, இதயத்தின் கோடும் அதை அளக்கும் கட்டமும் ஒரே நேரத்தில் ஒரே படத்தில் பதிவாயின.

1 மில்லிவோல்ட் என்றால் 1 சென்டிமீட்டர் உயரம். 1 வினாடி என்றால் 25 மில்லிமீட்டர் நீளம். உலகின் பெரும்பாலான இடங்களில் ஈசிஜி பேப்பரில் இன்றைக்கும் வழக்கமான அளவு இதுதான். ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி, 5 சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 வினாடி. வீட்டில் பழைய ஈசிஜி பேப்பர் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு ஊசி உச்சிக்கும் அடுத்த ஊசி உச்சிக்கும் நடுவே எத்தனை பெரிய கட்டம் இருக்கிறது என்று எண்ணி, 300ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று தோராயமாக வந்துவிடும். 4 கட்டம் என்றால் 75.

ஆர்டுயினோ போர்டில் இதே கோட்டை வரைகிறவர்கள் கோட்டை விடுவது சரியாக இந்த இடத்தில்தான். ஆர்டுயினோ மென்பொருளில் இருக்கும் சீரியல் பிளாட்டர், வருகிற எண்களுக்கு ஏற்ப உயர அளவைத் தானாகவே மாற்றிக்கொள்ளும். சிக்னல் சின்னதாக இருந்தாலும் இழுத்துப் பெரிதாகக் காட்டும். உடம்பு ஒரு முறை அசைந்து பெரிய எண் ஒன்று வந்துவிட்டால், மொத்தக் கோடும் சட்டென்று சப்பையாகிவிடும். அடிப்பக்கம் நேரம் ஓடுவது மாதிரி தெரியும். உண்மையில் அங்கே இருப்பது எத்தனையாவது ரீடிங் என்ற எண்தான், வினாடி அல்ல. நேற்று எடுத்த கோட்டையும் இன்று எடுத்த கோட்டையும் பக்கத்தில் வைத்து எதுவும் சொல்ல முடியாது. இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. ஒவ்வொரு ரீடிங்கோடும் மாறாத 2 எண்களை, உதாரணத்துக்கு 0 மற்றும் 1023ஐ, சேர்த்து அனுப்பிவிட்டால் உயர அளவு ஒரே இடத்தில் நிற்கும். ஐந்தோவன் கண்ணாடியில் போட்ட படுக்கைக் கோடுகளின் வேலையை அந்த 2 எண்கள் செய்யும்.

இன்னொன்று, வேகம். ஊசி உச்சி முழுவதும் ஏறி இறங்க ஆகும் நேரம் சுமார் 0.1 வினாடிதான். நிரலில் பழக்கதோஷத்தில் 100 மில்லிசெகண்ட் டிலே போட்டுவிட்டால் வினாடிக்கு 10 ரீடிங்தான் கிடைக்கும். உச்சி ஒரு முறை மாட்டும், ஒரு முறை தப்பிவிடும். திரையில் ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக வரும். பார்க்கிறவர் இதயத்தில் கோளாறு என்று பயந்துவிடுவார். கோளாறு டிலேயில். பாதரசம் மந்தமாக இருந்த அதே கதை, 130 ஆண்டு கழித்து வேறு வேஷத்தில். வினாடிக்கு 250 ரீடிங்காவது வேண்டும். ஊனோ போர்டு அதைவிடப் பல மடங்கு வேகமாக எடுக்கக்கூடியது, அதனால் அது பிரச்னையே இல்லை.

இழை இல்லாமல் போர்டு எப்படிப் பார்க்கிறது?

ஊனோ போர்டு 0 முதல் 5 வோல்ட் வரையிலான அழுத்தத்தை 1,024 படிகளாகப் பிரித்துப் படிக்கும். ஒரு படி என்பது சுமார் 4.9 மில்லிவோல்ட். இதயத்திலிருந்து தோலுக்கு வருவது சுமார் 1 மில்லிவோல்ட். அதாவது போர்டின் ஒரு படிக்குக்கூட அது காணாது. நேரடியாக வயரை இணைத்தால் இதயம் எதுவும் தெரியாது, குப்பைதான் தெரியும்.

அதனால்தான் நடுவில் ஏடி8232 போன்ற ஒரு சிப் தேவைப்படுகிறது. கடையில் கிடைக்கும் மாட்யூலில் அது மற்ற பாகங்களோடு சேர்ந்து இதயத்தின் சிக்னலை சுமார் ஆயிரம் மடங்கு பெரிதாக்கித் தரும். மூச்சு விடும்போது கோடு மொத்தமாக ஏறி இறங்குவதை வடிகட்டும். 3 வயர்களில் 2 வயர்தான் சிக்னலை எடுப்பவை. வலது கால் பக்கம் போகும் மூன்றாவது வயர் வேறு வேலை செய்கிறது. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நம் உடம்பு ஆன்டெனா மாதிரி பிடித்துக்கொள்ளும். அந்த இரைச்சலைக் குறைக்க, அதற்கு எதிரான சிறு சிக்னலை உடம்புக்குத் திருப்பி அனுப்புவது அந்த வயர். லைடன் தெருவின் குதிரை வண்டி இப்போது டியூப் லைட் வடிவில் வருகிறது, அவ்வளவுதான்.

ஐந்தோவனிடம் பெரிதாக்கும் எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த 1 மில்லிவோல்ட்டேதான் இழையைத் தள்ளியது.

ஒரு எச்சரிக்கை. இந்த மாட்யூல்கள் கற்றுக்கொள்வதற்கானவை, நோய் கண்டுபிடிப்பதற்கானவை அல்ல. உடம்பில் வயர் ஒட்டியிருக்கும்போது லேப்டாப்பை சார்ஜரில் போடக் கூடாது. பேட்டரியில் மட்டும் ஓட வேண்டும்.

1.5 கிலோமீட்டர் கேபிள்

மெஷின் தயார். ஆனால் 270 கிலோ மெஷினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக முடியாது. இதய நோயாளிகளை லேபுக்கு அழைத்து வருவதும் ஆபத்து. என்ன செய்வது?

ஆஸ்பத்திரிக்கும் லேபுக்கும் நடுவே இருந்த தூரம் சுமார் 1.5 கிலோமீட்டர். டெலிபோன் கேபிள் மூலம் இரண்டையும் இணைத்தார். நோயாளி ஆஸ்பத்திரியிலேயே வாளியில் கை வைத்து உட்காருவார், கோடு லேபில் வரையப்படும். 1905 மார்ச் 22ல் முதல் பதிவு. அன்று உட்கார்ந்தவர் நோயாளி அல்ல, திடமான ஒரு ஆள். லேபிலிருந்து ஆஸ்பத்திரிக்கு சைக்கிள் மிதித்துப் போயிருந்தார். அவருடைய ஆர் உச்சி உயரமாக வந்ததற்கு அந்த சைக்கிள் மிதித்ததே காரணம் என்று கணித்தார்கள்.

டெலிமெடிசின் என்று இன்று சொல்கிறோமே, அதன் முன்னோடிகளில் ஒன்றாக இது சொல்லப்படுகிறது.

அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில் இதயத்தின் அறைகள் வீங்கியவர்கள், இடையில் ஒரு துடிப்பு முந்தி வருபவர்கள், மேல் அறையின் உத்தரவு கீழ் அறைக்குப் போய்ச் சேராதவர்கள் என்று பலரின் கோடுகள் இருந்தன. இது ஏன் பெரிய விஷயம்? அதுவரை டாக்டரிடம் இருந்தது ஸ்டெதஸ்கோப்பும் நாடியில் வைக்கும் விரலும்தான். நாடி தாறுமாறாக அடிக்கிறது என்று தெரியும். ஏன் என்று தெரியாது. இப்போது முதல் முறையாக, தாறுமாறான துடிப்புகளுக்குள்ளேயே இது வேறு, அது வேறு என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. லண்டனின் தாமஸ் லூயிஸ் இந்தக் கருவியை வைத்துத்தான் 1909ல், மேல் அறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் நிலையே பல நோயாளிகளின் தாறுமாறான நாடிக்குக் காரணம் என்று காட்டினார். மாரடைப்பு வந்தவரின் ஈசிஜியில் என்ன மாறும் என்று நியூயார்க்கின் ஹரால்ட் பார்டி 1920ல் எழுதினார். நெஞ்சு வலி என்று போனதும் முதலில் ஈசிஜி எடுக்கிறார்களே, அதன் தொடக்கம் அங்கே இருக்கிறது.

ராயல்டி தகராறு

கருவியைத் தயாரித்து விற்க ஜெர்மனியின் மியூனிக்கில் இருந்த எடெல்மன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. விற்பனைக்கு ஏற்ப ஐந்தோவனுக்கு ராயல்டி. விற்பனை சூடுபிடித்தது, பிறகு ராயல்டி நின்றது. இழையைக் கட்டி மின்சாரத்தை அளக்கும் யோசனை ஐந்தோவனுக்கு முன்பே பிரான்ஸின் க்ளெமோன் ஆதே என்பவரிடம் இருந்தது என்பது நிறுவனம் சொன்ன காரணம். அது முழுப் பொய்யும் இல்லை. ஆதே 1897லேயே கடலடித் தந்திக்காக அப்படி ஒரு கருவி செய்தவர்தான். ஆனால் அதில் தந்திச் செய்தியைப் பிடிக்கலாம், இதயத்தைப் பிடிக்க முடியாது. அந்த அளவு நுட்பம் ஐந்தோவனின் உழைப்பு.

அவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சயின்டிஃபிக் இன்ஸ்ட்ரூமென்ட் கம்பெனி பக்கம் திரும்பினார். அதை நடத்தியவர் ஹொரஸ் டார்வின், பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வினின் மகன். அவர்கள் செய்த முதல் கருவி 1908ல் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனது. 2 அறை மெஷின் படிப்படியாக ஒரு மேஜைக்குச் சுருங்கியது.

முக்கோணமும் நோபலும்

வலது கை, இடது கை, இடது கால். இந்த 3 புள்ளிகளை இணைத்தால் ஒரு முக்கோணம் வரும், நடுவில் இதயம். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பார்த்தால் இதயத்தின் மின்சாரம் ஒவ்வொரு உயரத்தில் தெரியும். முதல் பக்கமும் மூன்றாவது பக்கமும் காட்டும் அளவைக் கூட்டினால் இரண்டாவது பக்கத்தின் அளவு வர வேண்டும். வரவில்லையா? வயரை எங்கேயோ மாற்றி மாட்டியிருக்கிறோம். ஐந்தோவன் முக்கோணம் என்று மருத்துவ மாணவர்கள் படிப்பது இதைத்தான். ஆர்டுயினோவில் ஊசி உச்சி மேலே போகாமல் கீழே தொங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது வலது, இடது வயர்கள் மாறியிருக்கிறதா என்பதைத்தான். இன்று ஆஸ்பத்திரியில் 12 கோணங்களில் கோடு எடுக்கிறார்கள். அதில் முதல் 3 இவருடையவை. கையில் கட்டும் ஸ்மார்ட்வாட்ச் எடுக்கும் ஈசிஜி, அந்த மூன்றில் முதலாவது.

1924ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தில் இருந்தார். பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை, கருவியை உருவாக்க உடனிருந்து உழைத்து ஏற்கெனவே இறந்துபோன லேப் உதவியாளரின் குடும்பத்தைத் தேடிக் கொடுத்தார் என்று ஒரு கதை அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும். 5 பேர் சேர்ந்து இயக்கிய மெஷின் அது, மீதி 4 பேரின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

1886ல் அவர் மணந்தது தன் உறவுப் பெண்ணான ஃபிரெடெரிக்கை. 4 பிள்ளைகள். மகன் வில்லெம் ஃபிரெடெரிக் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஆனார். அப்பாவும் மகனும் சேர்ந்து அந்த இழையை வெற்றிடத்துக்குள் வைத்து, அதை இன்னும் வேகமாக அசையவைத்தார்கள். இந்த முறை இதயத்துக்காக அல்ல, ரேடியோவுக்காக. நெதர்லாந்துக்கும் ஜாவாவுக்கும் நடுவே கம்பியில்லாத் தந்தியில் வரும் மெல்லிய சிக்னல்களைப் பிடிப்பதற்காக.

1927 செப்டம்பர் 29ல், 67 வயதில், புற்றுநோயால் ஐந்தோவன் லைடனில் இறந்தார். மறு ஆண்டே அமெரிக்காவில் 6 வோல்ட் கார் பேட்டரியில் ஓடும், சுமார் 23 கிலோ எடையுள்ள ஈசிஜி கருவி வந்தது. கையில் தூக்கிக்கொண்டு நோயாளியின் வீட்டுக்கே போகலாம்.

மகன் ஜாவாவுக்குப் போய் பாண்டுங் நகரில் ரேடியோ ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜாவாவை ஜப்பான் பிடித்தது. அவர் சிறைபிடிக்கப்பட்டு, 1945ல் ஜப்பானியர்களின் முகாமிலேயே இறந்துபோனார்.